முதலில் திரை, பிறகு வழங்கல்

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு முடிவுக்கு வந்தது. அதற்கு அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் நுண்செயலியாயின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ஒன்றையும் கேட்பதால், 2017க்கு முன் வாங்கப்பட்ட மடிக்கணினிகளில் பெரும்பாலானவை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே முறைப்படியான மேம்பாட்டுக்குத் தகுதியற்றவை ஆகிவிட்டன. புதுச்சேரி–விழுப்புரம் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள மதகடிப்பட்டு வட்டாரத்துக்கு இந்த மாற்றம் நெருக்கமானது. அருகிலுள்ள கலிதீர்த்தாள்குப்பத்தில் பொறியியல் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் இயங்குகின்றன. மாநில எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டு அரசு பல ஆண்டுகள் மாணவர்களுக்கு விலையின்றி மடிக்கணினி வழங்கிய ஊர்கள் தொடங்குகின்றன. அண்ணன் படித்து முடித்த கணினி தங்கைக்கு வருவது இங்கெல்லாம் இயல்பான வழக்கம். இத்தகைய கணினிகளுக்குப் புத்துயிர் தரக்கூடிய இயங்குதளமாக லினக்ஸ் பரிந்துரைக்கப்படுகிறது. உடனே எழும் கேள்வி, எந்த லினக்ஸ் நல்லது என்பதாகும்.

அந்தக் கேள்வி இரு வேறு கேள்விகளை ஒன்றாகக் கட்டிவைத்திருக்கிறது. நாள்தோறும் கண்ணுக்கும் கைக்கும் எட்டுகிற திரை எவ்வாறு இருக்க வேண்டும் என்பது ஒன்று. அந்தத் திரையை யார் தொகுத்து, எவ்வளவு காலம் பராமரித்துத் தருகிறார்கள் என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு விடை கண்ட பிறகே இரண்டாவதற்குச் செல்வது அறிவியல் நோக்கிலும் நடைமுறை நோக்கிலும் சரியான வரிசை ஆகும்.

வழங்கலும் டெஸ்க்டாப் சூழலும்

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ், கண்டிப்பான பொருளில், ஒரு கர்னல் மட்டுமே. அதாவது நுண்செயலி, நினைவகம், வட்டு, விசைப்பலகை முதலிய வன்பொருள்களை மென்பொருள்களுக்கிடையே பங்கிட்டுத் தரும் உள்ளடுக்கு அது. அந்தக் கர்னலுடன் குனு திட்டத்தின் அடிப்படைக் கருவிகள், வன்பொருள் இயக்கிகள், அலுவலக மென்பொருள்கள், உலாவிகள் ஆகிய அனைத்தையும் ஒன்றோடொன்று பொருந்துமாறு சோதித்து, நிறுவும் வசதியுடனும் தொடர்ச்சியான பாதுகாப்புத் திருத்தங்களுடனும் ஒரு குழு தருமானால் அந்தத் தொகுப்பு வழங்கல் எனப்படுகிறது. டெபியன், உபுண்டு, ஃபெடோரா, லினக்ஸ் மின்ட், ஓப்பன்சூசே ஆகியவை பரவலாக அறியப்பட்ட வழங்கல்கள்.

டெஸ்க்டாப் சூழல் என்பது இந்த அடுக்குகளின் மேற்புறத்தில் அமைவது. சாளரங்களைத் திறந்து நகர்த்தி மூடுகிற சாளர மேலாளர், செயலிகளின் பட்டியலையும் கடிகாரத்தையும் காட்டும் பலகம், கோப்புகளைத் திறந்து நகலெடுக்க உதவும் கோப்பு மேலாளர், அமைப்புகளை மாற்றும் பகுதி, அறிவிப்புகள் என்பவை அனைத்தும் ஒரே வடிவமைப்புக் கொள்கையில் இணைந்த தொகுப்பு அது. விண்டோஸில் இயங்குதளமும் அதன் திரையும் ஒரே நிறுவனத்திடமிருந்து பிரிக்க முடியாதபடி வருகின்றன. லினக்ஸிலோ திரையை உருவாக்குவது ஒரு குழு, அதை எடுத்துத் தொகுத்து அளிப்பது வேறொரு குழு. ஆகவே ஒரே வழங்கலைப் பல திரைகளுடனும், ஒரே திரையைப் பல வழங்கல்களின் மீதும் இயக்க முடிகிறது. புதிதாக வருவோர் குழம்புவதும், பழகியவர்கள் போற்றுவதும் இந்தப் பிரிவினையைத்தான்.

சூழல்கள் பிறந்த கதை

ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழக மாணவராயிருந்த மத்தியாஸ் எட்ரிச், 1996 அக்டோபர் 14ஆம் நாள் கேடிஇ திட்டத்தை அறிவித்தார். அக்காலத்து யூனிக்ஸ் திரையில் ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு தோற்றத்தில் இருந்த நிலையை மாற்றி, சாதாரணப் பயனர்களுக்கு ஒருமித்த திரையை அளிப்பதே அவருடைய நோக்கம். ஆனால் அவர் தேர்ந்த க்யூட்டி என்ற கருவித்தொகுதியின் உரிமம் அப்போது கட்டற்ற மென்பொருளின் வரையறைக்கு முழுமையாக உட்படவில்லை. அதை ஏற்காத மெக்சிகோ நாட்டவர்களான மிகேல் டி இகாசாவும் ஃபெடெரிகோ மேனாவும் 1997 ஆகஸ்டில் க்னோம் திட்டத்தைத் தொடங்கி, ஜிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளுக்காக எழுதப்பட்ட ஜிடிகே கருவித்தொகுதியை அடித்தளமாக்கிக் கொண்டனர். க்யூட்டியின் உரிமம் பின்னர் திருத்தப்பட்டுச் சிக்கல் தீர்ந்துவிட்டபோதிலும், அன்று பிரிந்த இரு கிளைகளும் இன்றுவரை தனித்தனியே வளர்ந்து வருகின்றன.

ஏனைய சூழல்களில் சில நினைவகச் சிக்கனத்தையும், சில பயனர்களின் பழக்கத்தையும் காக்கப் பிறந்தவை. ஃபிரான்ஸைச் சேர்ந்த ஒலிவியே ஃபூர்தான் 1990களின் நடுப்பகுதியில் தொடங்கிய எக்ஸ்எஃப்சிஇ, எளிமையையும் குறைந்த நினைவகத் தேவையையும் குறிக்கோளாகக் கொண்டது. 2011 ஏப்ரலில் வெளிவந்த க்னோம் 3, கீழ்ப்பட்டையையும் வழக்கமான மெனுவையும் கைவிட்டு முற்றிலும் புதிய திரை ஒழுங்கைக் கொண்டுவந்தபோது, பழைய க்னோம் 2இன் நிரல்களை எடுத்து அதே வடிவில் தொடர்ந்து பராமரிக்கும் மேட்டே என்ற சூழல் அர்ஜென்டினாவிலிருந்து உருவானது. லினக்ஸ் மின்ட் குழுவினர் க்னோம் 3இன் உட்பகுதிகளின் மீதே பழைய பாணி மெனுவையும் பலகத்தையும் அமைத்துச் சின்னமன் என்ற சூழலை உருவாக்கினர். தைவானில் 2006இல் தொடங்கப்பட்ட எல்எக்ஸ்டிஇயின் வழிவந்த எல்எக்ஸ்க்யூட்டி, மிகக் குறைந்த வளத்தில் இயங்கும் சூழலாக நிலைபெற்றுள்ளது.

இந்த வரலாற்றில் தேர்வுக்கு உதவும் உண்மை ஒன்று அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு சூழலும் யாருடைய எந்தத் தேவைக்காகத் தோன்றியது என்பதே இன்றும் அதன் இயல்பைத் தீர்மானிக்கிறது. விண்டோஸ் 7 அல்லது 10இல் பழகிய கைக்குச் சின்னமனும் கேடிஇயின் சூழலான பிளாஸ்மாவும் உடனே வசப்படும். எல்லாவற்றையும் தன் விருப்பப்படி மாற்றியமைக்க விரும்புபவருக்குப் பிளாஸ்மா இடங்கொடுக்கும். கவனச்சிதறல் இன்றி ஒரே சாளரத்தில் ஆழ்ந்து பணிபுரிபவருக்கும், விசைப்பலகையை மிகுதியாகப் பயன்படுத்துபவருக்கும் க்னோம் பொருந்தும். பழைய கணினியை வைத்திருப்பவருக்கு எக்ஸ்எஃப்சிஇயும் எல்எக்ஸ்க்யூட்டியும் துணை நிற்கும்.

ஒரே திரை, வெவ்வேறு வழங்கல்

திரையைத் தீர்மானித்த பின் எழும் இரண்டாம் கேள்விக்கு மூன்று அளவுகோல்கள் உள்ளன. முதலாவது, அந்தத் திரை அந்த வழங்கலின் முதன்மைப் பதிப்பா, துணைப் பதிப்பா என்பது. ஒரு வழங்கலின் களஞ்சியத்தில் பல சூழல்கள் கிடைக்கலாம். எனினும் சோதனையும் திருத்தமும் முதன்மைப் பதிப்புக்கே மிகுதியாகச் செல்கின்றன. ஃபெடோராவின் ஒர்க்ஸ்டேஷன் பதிப்பு க்னோமை ஏறத்தாழ அதன் ஆசிரியர்கள் கருதிய வடிவிலேயே தருகிறது. உபுண்டுவோ 2017 அக்டோபரில் தன் சொந்தச் சூழலான யூனிட்டியைக் கைவிட்டுக் க்னோமுக்குத் திரும்பியபோது, இடப்புறத்தில் ஒரு செயலிப் பட்டையைச் சேர்த்துத் தன் பயனர்களின் பழக்கத்தைக் காத்துக்கொண்டது. சின்னமனைப் பொறுத்தவரை அதை எழுதுபவர்களே லினக்ஸ் மின்ட்டையும் தொகுப்பதால், அதன் புதிய பதிப்பும் பிழைத்திருத்தமும் முதலில் அங்கேயே வந்து சேர்கின்றன. அதே லினக்ஸ் மின்ட் 2018க்குப் பின் கேடிஇ பதிப்பை வெளியிடுவதை நிறுத்திவிட்டது. ஆதலால் பிளாஸ்மாவை விரும்புபவர் மின்ட்டின் மீது அதைத் தாமே ஏற்றிக்கொள்வதைவிட, குபுண்டு, கேடிஇ நியான், ஓப்பன்சூசே, அல்லது 2025 ஏப்ரலில் வெளியான ஃபெடோரா 42 முதல் ஒர்க்ஸ்டேஷனுக்கு இணையான தகுதி பெற்றுள்ள ஃபெடோரா கேடிஇ பதிப்பு ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்வது பொருத்தமாகும்.

இரண்டாவது அளவுகோல், வழங்கலின் வேகமும் சூழலின் வேகமும் ஒத்துப்போகின்றனவா என்பது. பிளாஸ்மா 6 என்ற பெரும் பதிப்பு 2024 பிப்ரவரியில் வெளிவந்தது. இரு மாதங்களில் வந்த ஃபெடோரா 40 அதை ஏற்றுக்கொண்டது; அதே ஏப்ரலில் வந்த குபுண்டு 24.04 நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்பதால் முந்தைய 5.27ஆம் பதிப்புடனேயே நின்றது. நிலைத்தன்மையைத் தலையாய கொள்கையாகக் கொண்ட டெபியனின் நிலையான பதிப்புக்கு 2025 ஆகஸ்டில் வெளியான 13ஆம் பதிப்பில்தான் பிளாஸ்மா 6 வந்து சேர்ந்தது. ஆகவே விரைந்து மாறும் பிளாஸ்மாவையோ, ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், புதுப்பதிப்பு காணும் க்னோமையோ விரும்பி, அவற்றின் புதுமைகளையும் உடனுக்குடன் பெற விழைபவருக்கு டெபியன் ஏமாற்றமளிக்கக் கூடும். எக்ஸ்எஃப்சிஇயின் நிலை இதற்கு நேர்மாறானது. அதன் 4.18ஆம் பதிப்பு 2022 டிசம்பரிலும் 4.20ஆம் பதிப்பு 2024 டிசம்பரிலும் வந்தன. இரண்டாண்டுக்கு ஒருமுறை மெல்ல நகரும் அச்சூழலுக்கு ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை நகரும் டெபியன் இயல்பான இருப்பிடமாகிறது.

மூன்றாவது அளவுகோல் ஆதரவுக் காலம். இதுவே பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போவது. உபுண்டு 24.04இன் முதன்மைப் பதிப்புக்கு ஐந்தாண்டுகள், அதாவது 2029 வரை, பொதுவான ஆதரவு உண்டு. ஆனால் அதே எண்ணைத் தாங்கிய குபுண்டு, எக்ஸ்எஃப்சிஇயுடன் வரும் சுபுண்டு, லுபுண்டு முதலிய துணைப் பதிப்புகளுக்கு, அவற்றின் டெஸ்க்டாப் பகுதியைப் பராமரிக்கும் தன்னார்வக் குழுக்கள் மூன்றாண்டு ஆதரவையே உறுதியளிக்கின்றன. ஆகவே அவற்றின் காலம் 2027 ஏப்ரலில் முடிகிறது. அதே உபுண்டு 24.04இன் மீது கட்டப்பட்ட லினக்ஸ் மின்ட் 22, தன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்புக்கும் 2029 வரை திருத்தங்களை அளிக்கிறது. திரை ஒன்றுதான், அடித்தளமும் ஒன்றுதான். வழங்கலை மாற்றியதால் இரண்டாண்டு ஆயுள் கூடுகிறது. ஃபெடோராவின் ஒவ்வொரு பதிப்பும் ஏறத்தாழ 13 மாதங்களுக்கே ஆதரவு பெறுவதால், ஆண்டுதோறும் மேம்படுத்திக்கொள்ளத் தயங்காத, நல்ல இணைய இணைப்பு உள்ள பயனருக்கே அது ஏற்றது.

ஒரு வழங்கலின் மீது இரண்டு மூன்று சூழல்களை ஒருங்கே நிறுவிக்கொண்டு, உள்நுழையும்போது வேண்டியதைத் தேர்வதும் இயலும். ஆனால் அவ்வாறு செய்யும்போது ஒவ்வொரு சூழலும் தன்னுடைய கோப்பு மேலாளர், உரைத் தொகுப்பி, படக்காட்டி ஆகியவற்றையும் உடன் கொண்டுவருவதால் மெனுவில் ஒரே வேலைக்கு மூன்று செயலிகள் நிற்கும். எழுத்துருவும் நிறமும் ஒன்றின் அமைப்பிலிருந்து மற்றொன்றுக்குப் பரவிக் குழப்பம் விளைவிப்பதும் உண்டு. சோதித்துப் பார்க்க விரும்பும் தேர்ந்தவர்களுக்கு இது தடையன்று; முதன்முறை லினக்ஸுக்கு வருபவர் தவிர்க்க வேண்டியது.

தமிழ் எழுதும் கைக்கு

தமிழ்ப் பயனர்களுக்கு இன்னுமோர் அளவுகோல் உண்டு. வழக்கமான ஒப்பீடுகளில் அது இடம்பெறுவதில்லை. தமிழ்99 விசைப்பலகையில் இகரத்துக்கு ஒரே விசைதான் உள்ளது. இனி என்ற சொல்லை எழுதும்போது அதே விசை முதலில் இ என்ற உயிரெழுத்தாகவும், னகரத்துக்குப் பின் அழுத்தப்படும்போது அதன்மேல் ஏறும் உயிர்க்குறியாகவும் மாற வேண்டும். அக்கா என்ற சொல்லை அ, க, க, ஆ என்ற நான்கு அழுத்தங்களில் எழுதிவிடலாம். இரண்டாவது ககரம் வந்தவுடன் முதல் ககரத்தின் மீது புள்ளி தானே விழுந்துவிடுகிறது. இந்த மாற்றங்கள் முன்பு எந்த எழுத்து வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டே நிகழக்கூடியவை. லினக்ஸின் அடிப்படை விசைப்பலகை அமைப்பான எக்ஸ்கேபி, அழுத்திய விசைக்குரிய எழுத்தை அப்படியே அனுப்புவதற்காக அமைந்தது. முன்னெழுத்தைப் பார்த்து முடிவெடுக்கும் வேலைக்கு உள்ளீட்டு முறை எனப்படும் தனி மென்பொருள் வேண்டும். எம்17என் என்ற பன்மொழித் தொகுதி தமிழ்99, தட்டச்சு, ஒலிப்பு, இன்ஸ்கிரிப்ட் ஆகிய முறைகளின் விதிகளைத் தருகிறது. அவற்றை ஐபஸ் அல்லது எஃப்சிடிஎக்ஸ் என்ற இரு கட்டமைப்புகளுள் ஒன்று இயக்குகிறது.

இங்கேதான் டெஸ்க்டாப்பின் தேர்வு வேறுபாட்டை உண்டாக்குகிறது. க்னோம், ஐபஸைத் தன்னுள்ளேயே இணைத்துக்கொண்டிருப்பதால், எம்17என் தொகுதி நிறுவப்பட்டிருந்தால் அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குச் சென்று உள்ளீட்டு மூலமாகத் தமிழைச் சேர்த்துவிட்டால் போதும். விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் விசையை அழுத்தியதும் மொழி மாறும். பிளாஸ்மாவில், குறிப்பாக வேலண்ட் என்ற புதிய திரைநெறிமுறையின் கீழ், எஃப்சிடிஎக்ஸ் 5ஐத் தனியே நிறுவி, அமைப்புகளின் மெய்நிகர் விசைப்பலகைப் பகுதியில் அதைத் தெரிவு செய்ய வேண்டியிருக்கிறது. இந்தப் படியை அறியாதவர், பிளாஸ்மாவில் தமிழே வரவில்லை என்று முடிவு கட்டிவிடுவதற்கு இடமுண்டு. லினக்ஸ் மின்ட் தன் சின்னமன், மேட்டே, எக்ஸ்எஃப்சிஇ ஆகிய மூன்று பதிப்புகளிலும் உள்ளீட்டு முறையைத் தெரிவு செய்யும் ஒரே கருவியை வைத்திருப்பதால், அங்கே வழங்கல் அந்த இடைவெளியை நிரப்பிவிடுகிறது.

எழுத்துகள் திரையில் சரியாக அமைவதைப் பொறுத்தவரை இன்று சூழல்களுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை. கொ என்பது கணினியின் நினைவில் க என்ற எழுத்தும் ஒகரக் குறியுமாக இருந்தபோதிலும், திரையில் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். ஹார்ஃப்பஸ் என்ற நிரல்தொகுதி இந்த வேலையைச் செய்கிறது; ஜிடிகே, க்யூட்டி இரண்டுமே அதைப் பயன்படுத்துகின்றன. நோட்டோ சான்ஸ் தமிழ், லோஹித் தமிழ் போன்ற எழுத்துருக்கள் நிறுவப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது போதுமானது.

அரசுகள் தேர்ந்த திரைகள்

தனியொருவரின் தேர்வு அவருடைய கணினியோடு முடிந்துவிடும்; ஓர் அரசின் தேர்வு ஒரு தலைமுறையின் பழக்கமாகிவிடும். தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட், உமாசங்கர் மேலாண் இயக்குநராக இருந்த காலத்தில், 2006ஐ ஒட்டி, தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றி இந்தியா முழுவதும் கவனம் பெற்றது. சென்னையில் உள்ள சி-டாக் மையம் டெபியனை அடித்தளமாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2007 முதல் இந்திய மொழிகளுக்கான வசதிகளுடன் வெளிவருகிறது. 2011இல் தொடங்கிய தமிழ்நாட்டு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்ட கணினிகள் மாணவர்களின் கைக்குச் சென்றன.

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தும், பள்ளியிலும் கணினி மையத்திலும் விண்டோஸ் திரையே கற்பிக்கப்பட்ட நிலையில், மாணவர்கள் பழகிய திரையையே திறப்பது இயல்பு. அண்டை மாநிலமான கேரளம் வேறு வழியில் சென்றது. அங்கு ஐடி அட் ஸ்கூல் என்ற பெயரில் தொடங்கி, 2017 முதல் கைட் என்ற நிறுவனமாக இயங்கிவரும் அமைப்பு, பள்ளிகளுக்கென்றே தொகுத்த வழங்கலையும், அதே வழங்கலை அடிப்படையாகக் கொண்ட பாடநூல்களையும், ஆசிரியர் பயிற்சியையும் ஒருங்கே திட்டமிட்டது. மாணவர் காணும் திரையும் ஆசிரியர் அறிந்த திரையும் ஒன்றாக இருந்ததே அந்தத் திட்டத்தின் வலிமை. மென்பொருளை வழங்குவதோடு நிறுத்தாமல், திரையைப் பழக்குவதையும் திட்டத்தின் பகுதியாக்க வேண்டும் என்பதை இவ்விரு மாநிலங்களின் அனுபவமும் தெளிவாகக் காட்டுகிறது.

தேர்வின் வரிசை

மேற்கூறியவற்றைத் தொகுத்தால், மதகடிப்பட்டிலோ வில்லியனூரிலோ பாகூரிலோ பழைய கணினியை வைத்திருக்கும் மாணவருக்கு ஒரு தெளிவான வரிசை கிடைக்கிறது. முதலில் ரேமின் அளவைப் பார்க்க வேண்டும். 2 ஜிபி மட்டுமே உள்ள கணினியில் க்னோமையும் பிளாஸ்மாவையும் நாடாமல் எல்எக்ஸ்க்யூட்டியுடன் கூடிய லுபுண்டு அல்லது டெபியனை எடுப்பது நல்லது. அங்கும் உலாவியில் பல பக்கங்களை ஒருங்கே திறந்தால் வேகம் குறையும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். 4 ஜிபி உள்ள கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇயுடன் கூடிய லினக்ஸ் மின்ட் பொருந்தும். 8 ஜிபி அல்லது அதற்கு மேல் உள்ளவற்றில் சின்னமனோ பிளாஸ்மாவோ க்னோமோ விருப்பப்படி இயங்கும்; அங்கே பழக்கமும் ரசனையும் தீர்மானிக்கலாம். சுழலும் வட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி பொருத்தினால், எந்தச் சூழலைத் தேர்ந்தாலும் கணினி தொடங்கும் நேரம் கண்கூடாகக் குறையும்.

அடுத்து, தேர்ந்த திரையை நிறுவுவதற்கு முன்பே சோதிக்க வேண்டும். பெரும்பாலான வழங்கல்களை ஒரு பென் டிரைவில் ஏற்றி, வட்டில் உள்ள கோப்புகளைத் தொடாமல், அதிலிருந்தே கணினியைத் தொடக்கிப் பார்க்கலாம். லினக்ஸ் மின்ட்டின் கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி என்பதால் 8 ஜிபி பென் டிரைவ் போதும். அந்தச் சோதனையில் வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, திரையின் ஒளி கூட்டிக் குறைகிறதா, அச்சுப்பொறி கண்டறியப்படுகிறதா, தமிழ் உள்ளீட்டைச் சேர்த்தபின் லிப்ரேஆஃபிஸில் ஒரு பத்தி தமிழ் தடையின்றி எழுத முடிகிறதா என்ற ஐந்தையும் பார்த்துவிட வேண்டும். இவற்றுள் முதல் நான்கில் ஏதேனும் தவறினால், திரையை மாற்றாமல் வழங்கலை மட்டும் மாற்றிப் பார்ப்பது முதற்படி. ஏனெனில் வன்பொருள் இயக்கிகள் கர்னலுடன் சேர்ந்து வழங்கலைப் பொறுத்தவை, திரையைப் பொறுத்தவை அல்ல. நிறுவுவதற்கு முன் தேவையான கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வைப்பது எப்போதும் கட்டாயம்.

கடைசியாக, அருகில் கேட்பதற்கு ஆள் உண்டா என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மதகடிப்பட்டின் மேற்கே விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழுவும், கிழக்கே புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் இயக்கமும் செயல்பட்டு வருகின்றன. கணியம் மின்னிதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே கட்டுரைகளை வெளியிட்டு வருகிறது. இரண்டு வழங்கல்கள் எல்லா அளவுகோல்களிலும் சமமாக நிற்குமாயின், உதவ முன்வருபவர் பயன்படுத்தும் வழங்கலையே எடுத்துக்கொள்வது அறிவுடைமை. வட்டாரத்தின் கல்லூரிகளும் பள்ளிகளும் தங்கள் ஆய்வகங்களுக்கு ஒரே திரையைத் தேர்ந்து, அதைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்குமானால், காலாவதி என்று ஒதுக்கப்பட்ட கணினிகளுள் பலவற்றை இன்னும் பல ஆண்டுகள் படிப்புக்குப் பயன்படுத்த முடியும். அதற்கான மென்பொருள் முழுவதும் விலையின்றி, முழு உரிமையோடு, இன்றே கிடைக்கிறது.